மூன்றாம் அறையின் நீலக்கோடு

இது நடந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்திருந்தால் கோமதி இதை யாரிடமும் சொல்லியிருக்கவே மாட்டாள். சொன்னாள். அதனாலேயே நம்புகிறேன்.

பெஹாலாவில் வீடு, சால்ட் லேக்கில் வேலை. சாந்த்ராகாச்சியில் இருக்கும் ஒரு மீன் கோல்டு ஸ்டோரேஜின் அறைகளில் எத்தனை டிகிரி குளிர் என்று திரையில் கோடுகளாகக் காட்டும் டேஷ்போர்டு அவள் பொறுப்பு. மூன்றாம் அறையின் சென்சார் ஒயர் அடிக்கடி கழன்றுகொள்ளும். திரையில் கோடு அறுந்து தெரியும். உடனே அங்கிருக்கும் மெக்கானிக் கலியனுக்குப் போன் செய்வாள்.

"கோடு விட்டுப்போச்சாம்மா? இரு, போய்ப் பாக்கறேன்" என்பார். ஐம்பது வயது, ரயில்வே காலனித் தமிழர். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை. புது வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. "கோடு அங்கங்க அறுந்து அசிங்கமா இருக்கு. ஏதாவது பண்ணு" என்றார் மேலாளர் ஜெய்ராம்.

கோமதி செட்டிங்ஸைத் திறந்தாள். அளவு வராத இடத்தில் இடைவெளி விடும்படி இருந்ததை, கோட்டை இணைத்துக் காட்டும்படி மாற்றினாள். ஒரே கிளிக். நீலக்கோடு நூல் பிடித்தாற்போல் நேரானது. வந்தவர்கள் போன பிறகும் அதைத் திருப்பி வைக்கவில்லை.

மறுநாள் மாலை கலியன் மூன்றாம் அறைக்குள் போனார். வெளியே தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. உள்ளே அவசர மணி அடிக்கவில்லை. போனுக்கு சிக்னல் இல்லை. ஐந்தரைக்கு, நேராக ஓடிய அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் கோமதி வீட்டுக்குக் கிளம்பினாள். வெள்ளிக்கிழமை காலை 6.10க்குக் கதவைத் திறந்தார்கள்.

யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை. ஆபீஸில் அவள் மட்டும். மாலை 4.25. அந்தத் தேதியைத் திரையில் எடுத்து, செட்டிங்கைப் பழையபடி மாற்றினாள்.

கோடு துண்டு துண்டாக உடைந்தது.

4.32க்குத் தொடங்கி மூன்று இடைவெளி. சற்று நேரம் ஒழுங்கான கோடு. மறுபடி மூன்று. மறுபடி...

ஒயர் தானாகக் கழன்றால் இப்படி எண்ணி வைத்தாற்போல் மும்மூன்றாக விடாது. அவர் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியிருக்கிறார். கோடு அறுந்தால் கோமதி கூப்பிடுவாள், போன் கிடைக்காவிட்டால் ஆளை அனுப்பித் தேடுவாள்!

இன்றைய பக்கத்துக்குப் போனாள்.

மூன்றாம் அறை. மைனஸ் பதினெட்டு. நேரம் 4.32.

இடைவெளி. இடைவெளி. இடைவெளி.

கோல்டு ஸ்டோரேஜ் காவலாளி சதீஷுக்குப் போன் போட்டாள்.

"மூணாம் நம்பர்ல கரண்டே இல்ல தீதி. பூட்டி சீல் வச்சிருக்கு. சென்சாரை போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அவன் குரலுக்குப் பின்னால்... டொக். டொக். டொக்.

"யாரு தட்டறா?"

"இங்க யாரும் தட்டலயே..."

டொக்.

திரையில் இடைவெளி.

டொக்.

இடைவெளி.

"அண்ணே..." திரையைப் பார்த்துச் சொன்னாள். "நான்தான்ணே... நான்தான் மறைச்சேன்..."

சத்தம் நின்றது. கோடும் நின்றது.

திங்கட்கிழமை ஜெய்ராமிடமும் போலீஸிடமும் எழுதிக் கொடுத்தாள். அன்று மாலையே கலியன் வீட்டுக்குப் போய், அவர் மனைவி ராஜத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

ராஜம் அழவில்லை, திட்டவுமில்லை. "நீ கூப்பிடுவேன்னுதான் நெனச்சிருப்பாரு" என்றாள். பிறகு உள்ளே போய், போஸ்ட்மார்ட்டம் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

உயிர் போனது இரவு ஒன்பது மணிக்குள்.

அந்த இரவின் பதிவைக் கோமதி முழுதாகப் பார்த்திருந்தாள். மும்மூன்றாக வந்த இடைவெளிகள் ஒன்பது மணியோடு நிற்கவில்லை.

கடைசி மூன்றும் விழுந்தது, கதவைத் திறப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால், காலை 6.09க்கு.