கறையில்லாத நாய்க்குட்டி

என் அக்கா வீட்டுக்காரருக்கு அந்தத் தெருவில் கஞ்சி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கஞ்சி என்றால் லாண்டரி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். முப்பத்தொரு வருடமாக அதே லாண்டரி. துணிக்குக் காய்ச்சிய கஞ்சியில் பாதியைத் தன் மேல் ஊற்றிக்கொண்டவர் மாதிரி விறைப்பாக நடப்பார், விறைப்பாக உட்காருவார், சிரித்தால்கூட விறைப்பாகத்தான் சிரிப்பார். நேரில் நான் மாமா என்பேன். கோபம் வந்தால் எனக்கும் அவர் கஞ்சிதான்.

கடையில் கறை எடுக்கும் மேஜை அவருடையது. மை, துரு, எண்ணெய், எது பட்டிருந்தாலும் துணி முதலில் அவரிடம் வரும். கறையை எடுத்து, இஸ்திரி போட்டு, ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து முன்னும் பின்னும் பார்த்து, காகிதத்தில் சுற்றி நூல் கட்டிய பிறகுதான் கையை விட்டுக் கொடுப்பார். அதுவரை உடையவன் கண்ணில்கூடக் காட்டமாட்டார். ஒரு மணி நேரத்தில் கல்யாணம் என்று மாப்பிள்ளையே வந்து நின்றபோதும், "இன்னும் முடியல, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பினார். அந்த ஆள் அண்ணன் கோட்டைப் போட்டுக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டான். இதைக் கடையில் பெருமையாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அது ஒரு வியாதி.

போன வருடத் தொடக்கத்தில் அக்காவுக்குக் கண் மங்கத் தொடங்கியது. லாண்டரிக்கு வரும் சட்டைகளுக்கு அவள் வீட்டில் உட்கார்ந்தபடியே பொத்தான் தைத்துக் கொடுப்பாள். ஒரு நாள் வெளிர்நீலச் சட்டை ஏழுக்கும் கறுப்புப் பொத்தானாகத் தைத்து வைத்திருந்தாள். மாமா அவளை ஒரு மூச்சு திட்டிவிட்டு எல்லாவற்றையும் பிரித்தார். ஐந்தாவது சட்டையைப் பிரிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. என் வேனில்தான் கண் டாக்டரிடம் போனோம். நான் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன், ஞாயிறு எனக்கு ஓய்வு.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது, சொட்டு மருந்தை வைத்து எட்டு மாதமோ ஒரு வருடமோ ஓட்டலாம் என்றார் டாக்டர். பொழுது சாய்ந்தால் அவளுக்கு எதுவுமே தெரிவதில்லை என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் மட்டும், நேர் எதிரே இருப்பது கொஞ்சம் தெரியுமாம். இதை இத்தனை நாள் எப்படி மறைத்தாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

திரும்பி வரும்போது அக்கா அழவில்லை. வேன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். "ஏங்க, ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுங்களேன். கண்ணு இருக்கும்போதே அது ஓடுறதையும் விழறதையும் பார்த்துக்கிறேன்."

குழந்தை இல்லாத வீடு. இருபது வருடம் மாடியில் குடியிருந்தார்கள், அந்த வீட்டுக்காரர் பூனையைக்கூடப் படியேற விடமாட்டார். இப்போது தரைத்தளத்தில், பின்னால் ஒரு சின்ன முற்றத்தோடு வீடு கிடைத்திருந்தது. அவள் வாய்விட்டுக் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒன்றுதான். மறுநாள் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ள, அவகிட்ட மூச்சு விடாதே. கையில வாங்கும்போதுதான் அவளுக்குத் தெரியணும்."

விசாரித்து ஒரு இடத்தைக் கண்டுபிடித்தோம். ஊரை விட்டு இரண்டு மணி நேரம். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, சிமெண்டுத் தடுப்புகள், நடுவில் குட்டிகளை நிறுத்துப் பார்க்கும் தராசு. நாய் வளர்த்து விற்கும் அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நாய்களைவிட அவருக்குத்தான் குரல் பெரிது. வந்த காரியத்தைச் சொன்னோம். கண் விஷயத்தையும் சொன்னோம். உடனே உள்ளே போய் ஒரு குட்டியைத் தூக்கி வந்தார். மூன்று மாதக் குட்டி, வறுத்த காப்பிக்கொட்டை நிறம், கால் நாலும் உடம்புக்குப் பெரிதாக இருந்தது. கீழே விட்டதும் நேரே மாமாவிடம் ஓடி வந்து அவருடைய செருப்பு வாரைக் கடித்து இழுத்தது.

"ஊசி எல்லாம் போட்டாச்சு. இன்னைக்கே கொண்டுட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா.

மாமா குட்டியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அதன் நெஞ்சில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. மாமா கட்டை விரலை எச்சில் தொட்டு அதைத் தேய்த்துப் பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை, தேய்த்துப் பார்த்தார். குட்டி அவர் மூக்கை நக்கியது.

"இது என்னம்மா, பால் கொட்டின மாதிரி?"

"பொறப்புலயே வந்ததுங்க. அதனாலதான் கூடப் பொறந்ததெல்லாம் போயும் இது மட்டும் நிக்குது. மத்தபடி தங்கமான குட்டி."

"வேற இல்லையா?"

"அடுத்தது போட இன்னும் பத்து நாள் ஆகும். அப்புறம் எட்டு வாரம் தாயோட இருக்கணும். தலைகீழா நின்னாலும் அதுக்கு முன்னாடி தரமாட்டேன். எதுக்குங்க அவ்வளவு நாள்? இதையே எடுத்துக்குங்க."

நானும் சொன்னேன். "எடுத்துக்குங்க மாமா. அக்கா நெஞ்சைப் பார்த்தா கொஞ்சப்போறா?"

மாமா குட்டியைக் கீழே விட்டார். "முப்பத்தொரு வருஷத்துல கறையோட ஒரு துணியை யார் கையிலயாவது கொடுத்திருக்கேனா, மாப்ள? அவளுக்குப் போய் கொடுப்பேனா?" எட்டு மாதம் இருக்கிறது, மூன்று மாதம் போனால் என்ன என்று விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நானும் வேனை எடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு விடவில்லை. அக்காவிடம் கடையில் கூடுதல் வேலை என்று சொல்லிவிட்டு, காலையிலேயே காகிதப் பையும் கையுமாகத் தெருமுனையில் வந்து நிற்பார். நான் ஏற்றிக்கொண்டு போவேன். குட்டிகள் பிறந்தன, ஏழு. ஒன்றிலும் புள்ளி இல்லை. அடையாளத்துக்குக் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் கம்பளி நூல் கட்டியிருந்தார் அந்த அம்மா. மாமா பச்சை நூலைத் தேர்ந்தெடுத்தார். வாராவாரம் பச்சை நூலை வெளிச்சத்துக்குத் தூக்கி, வயிறு, காதின் உள்பக்கம், கால் விரலிடுக்கு என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

"சார், அது சட்டையில்ல" என்றார் அந்த அம்மா ஒரு தடவை.

இன்னொரு தடவை ஒன்று கேட்டார். அக்கா உடுத்திய துணி ஒன்றைத் துவைக்காமல் கொண்டுவர வேண்டும். அதைக் குட்டிகளோடு போட்டு வைத்தால் வாசனை பழகிவிடும், புது வீட்டில் அழாது. அடுத்த ஞாயிறு மாமா கொண்டுவந்தார். துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து, காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி. அந்த அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தக் குட்டி உங்க அக்காவோட வாழப்போகுதா, சோப்போடயா?"

"அழுக்குத் துணியை எப்படிம்மா இன்னொரு வீட்டுக்குக் கொண்டு வர்றது?" என்றார் மாமா, முகம் சிவந்து.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அவங்களையே ஒரு நாள் கூட்டிட்டு வந்துடுங்க. குட்டிங்க எல்லாம் நடக்க ஆரம்பிச்சாச்சு. ஏழையும் மடியில விடுறேன், ஆசை தீரப் பார்க்கட்டும். வீட்டுக்கு எட்டு வாரத்துல கொண்டு போங்க."

குட்டிகளுக்கு அப்போது நாலு வாரம். மாமா கொஞ்சம் யோசித்தார். யோசித்ததை நான் பார்த்தேன். பிறகு, "இன்னும் முடியலம்மா. முடியட்டும்" என்றார்.

நான் அந்த இடத்தில் சண்டை போட்டிருக்க வேண்டும். தெருவில் குறுக்கே வரும் சைக்கிள்காரனிடம் எல்லாம் கத்துகிறவன் நான். அன்றைக்குக் கத்தவில்லை. எனக்கும் அந்த ரகசியம் பிடித்திருந்தது, அந்த அம்மா போடும் டீயும் பிடித்திருந்தது. அக்காவைப் போய்ப் பார்ப்பதைக்கூட விட்டிருந்தேன், வாயைத் திறந்தால் உளறிவிடுவேன் என்று.

எட்டு வாரம் முடிந்த ஞாயிறு, பதினொன்றரை மணி வாக்கில் குட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தோம். குட்டியைப் போட்டிருந்த கூடைக்குள் வெள்ளைத் துண்டு, அதற்கும் இஸ்திரி. அக்கா பின் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல வெயில். மாமா பேசாமல் கிட்டே போய்க் குட்டியை அவள் மடியில் வைத்தார்.

அக்கா துள்ளிப் போனாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, என்னங்க இது, நெஜமாவே வாங்கிட்டு வந்துட்டீங்களா." குட்டி அவள் மடியில் திரும்பி நின்று, தனக்குத் தெரிந்த மனிதர் மாமாதான் என்பதால் அவரை நோக்கி எட்டியது. அதன் பின்பக்கம்தான் அக்காவுக்கு நேரே இருந்தது. அக்கா குனிந்து, வாலைப் பார்த்துச் சொன்னாள். "மூஞ்சி எவ்வளவு களையா இருக்கு. கண்ணு ரெண்டும் பொத்தான் மாதிரி."

கேலி செய்கிறாள் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை. அவள் முகத்துக்கு முன்னால் கையை நீட்டி, விரல்களை மடக்கி விரித்தார். அக்கா இன்னும் வாலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எத்தனை நாளா?" என்றார் மாமா.

அவள் சிரிப்பு நின்றது. பொய் சொல்லலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்திருப்பாள். "பதினெட்டு நாள் ஆச்சுங்க. டாக்டர் சொன்ன கெடு வரைக்கும் தாங்கல."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏதோ சந்தோஷமா இருந்தீங்க. எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

பதினெட்டு நாள். அதற்கு முன், குட்டிகள் பிறந்த பிறகு வந்த எந்த ஞாயிறு கூட்டிக்கொண்டு போயிருந்தாலும் பார்த்திருப்பாள். முதல் ஞாயிறே அந்த வெள்ளைத் திட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் ஏழு வாரத்துக்கு மேல் பார்த்திருப்பாள். எனக்குத் தெரிந்த இந்தக் கணக்கு மாமாவுக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் குழாயடியில் போய் நின்றுகொண்டார். கையை உயர்த்தி நெற்றியில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

"என்ன நிறங்க?" என்று அக்கா கேட்டாள், அவருக்காகத்தான் கேட்டாள்.

"பழுப்பு" என்றார். "ஒரு புள்ளி இல்ல."

"ம்."

"ஒரு புள்ளிகூட இல்ல" என்று மறுபடியும் சொன்னார். கடை வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பிப் போனார்.

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அக்கா குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமை கடை ஏது?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள், சரியாக என் பக்கம் இல்லை, கொஞ்சம் தள்ளி. "இத்தனை ஞாயிறும் இதைப் பார்க்கத்தான் போனீங்களாடா?"

"ஆமாக்கா. உனக்குத் தெரியாம வாங்கணும்னு."

"நான் வேற நெனச்சேன். கண்ணு போறவ எதிர்ல உட்கார்ந்திருக்க அவருக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன்." சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "மத்த நாளெல்லாம் இருட்டோட போயி இருட்டோட வர்ற மனுஷன். ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் வெளிச்சத்துல எனக்கு அவர் மூஞ்சி தெரியும். மிச்சம் இருக்கிற ஞாயிறெல்லாம் அவரை இங்க உட்கார வச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கணும்னு இருந்தேன். நாய்க்குட்டி இருந்தா அவரும் எழுந்து போகாம கூடவே உட்கார்ந்திருப்பாரேன்னுதான்டா கேட்டேன்."

குட்டி அவள் மடியிலேயே தூங்கிப்போயிருந்தது.

"இப்ப யோசிச்சுப் பார்க்கிறேன். மூக்கு எப்படி இருக்கும்னுகூடச் சரியா வரமாட்டேங்குது. கல்யாணத்தன்னைக்கு இருந்த மூஞ்சிதான் வருது" என்றாள். குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே, "இதை அவர்கிட்டச் சொல்லிடாதே, தாங்கமாட்டார்" என்றாள்.

நான் சொல்லவில்லை. ஒரு வருடம் ஆகப்போகிறது. மாமா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கும் போவதில்லை. காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, வெயில் போகும் வரை முற்றத்தில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.