மாப்பிள்ளை படகுல பேசாத நாலு நாள்

எங்க வீட்டுக்காரருக்குக் கோவம் வந்தா கத்த மாட்டாரு, பேச்ச நிறுத்திருவாரு. கத்துற மனுசனே தேவல. அரை மணி நேரத்துல தொண்டை வலிச்சு ஓஞ்சிருவான். இவரு கூடப்பிறந்த தம்பிகிட்ட ஒம்போது வருசம் பேசல. மலேசியாவுல ஈப்போ பக்கத்துல லகாட்தான் எங்க ஊரு, அங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு வேலிதான். கல்யாண வீட்டுப் பந்தியில பக்கத்துப் பக்கத்துல உக்காந்துகிட்டு, "அந்தத் தண்ணிய இப்படித் தள்ளச் சொல்லு"ன்னு என்கிட்டச் சொல்லுவாரு.

அப்படிப்பட்டவரோட ஒரே மக, ஹாலந்துக்கு வேலைக்குப் போன எடத்துல ஒரு டச்சுக்காரரைப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம் போன்ல சொன்னா. மககிட்டப் பேச்ச நிறுத்த இவருக்கு மனசு வரல. அதனால மொத்தக் கோவத்தையும் மாப்பிள்ளை தலையில இறக்கிட்டாரு. ரெண்டு வருசம். வீடியோ கால்ல அந்த முகம் தெரிஞ்சா எழுந்து போய்ப் பூச்செடிக்குத் தண்ணி ஊத்துவாரு. ஊத்தி ஊத்தி என் செடியெல்லாம் வேர் அழுகிப் போச்சு.

போன வருசம் மக ஹாலந்துக்கு டிக்கெட் அனுப்பினா. "அவரோட பாய்மரப் படகுல அஞ்சு நாள் போறோம்மா. இந்தத் தடவையும் அப்பா அவர்கிட்டப் பேசலன்னா, நான் இனிமே ஈப்போ பக்கம் வர மாட்டேன். நீங்களும் போன் பண்ண வேணாம்." சும்மா மிரட்டுற புள்ள இல்ல அது. அப்பனுக்குத் தப்பாமப் பொறந்தது.

படகுன்னா என்னமோ ஏதோன்னு நெனச்சேன். எங்க ஹாலையும் அடுப்படியையும் சேத்தா அவ்வளவுதான் நீளம். தும்முனா நாலு பேரும் துடைச்சுக்கணும். அதுக்குள்ள இவரு ஒருத்தர்கிட்டப் பேச்சில்லாம இருந்து காட்டணும். அதுவும் யார்கிட்ட, படகு ஓட்டுறவர்கிட்ட. நம்மாளு கடல் பயணம்னு போனது லூமுட்லருந்து பங்கோர் தீவுக்கு அரை மணி நேர ஃபெரியில. அதுலயும் தூங்கிட்டாரு.

படகுல ஓட்டுறவர் சொன்னா எல்லாரும் கேக்கணுமாம், இழுன்னா இழுக்கணும், விடுன்னா விடணும். மாப்பிள்ளை மாமனாருக்கு வேலை சொல்றதா, எந்த ஊர் நியாயம் அது? அதனால எங்க மக தபாலாபீஸ் ஆனா. மாப்பிள்ளை இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சொல்லுவாரு. மக அதத் தமிழாக்கி, மரியாதை சேத்து, "அப்பா, அந்தக் கயிறக் கொஞ்சம் இழுக்குறீங்களாப்பா"ம்பா. இத்தனைக்கும் இவரு சர்வீஸ் முழுக்க அரசாங்க ஆபீஸ்ல இங்கிலீஷ்லதான் கடிதம் எழுதினவரு. தபால் போய்ச் சேர்றதுக்குள்ள காத்து வேற பக்கம் திரும்பிரும். "காத்து எனக்கும் தெரியுதுன்னு அவன்கிட்டச் சொல்லு"ம்பாரு. மாப்பிள்ளை தேங்க்யூன்னுட்டு அவரே வந்து இழுப்பாரு.

நான் என் பங்குக்குச் சமைச்சேன். ஆடுற அடுப்புல சாம்பார், ஈப்போலருந்து கட்டிக்கிட்டுப் போன நெத்திலி போட்ட மொளகாச் சம்பால். மாப்பிள்ளை தட்டுல எப்பவும் ஒரு கரண்டி கூட வைப்பேன். அவரு கண்ணுல தண்ணி கொட்டக் கொட்டச் சாப்புடுவாரு. வீட்ல ஒரு ஆளாவது மனுசத்தன்மையோட இருக்கணுமேன்னு எனக்கு என்னைப் பத்தியே பெருமை.

நாலாம் நாள் ஒரு நீர்க்கதவுக்கு வந்தோம். அந்த ஊர்ல கடல் ஒரு மட்டம், உள்தண்ணி ஒரு மட்டம். நடுவுல ரெண்டு பக்கமும் கதவு போட்ட பெரிய காங்கிரீட் தொட்டி. படகு உள்ள போனதும் கதவ மூடித் தண்ணிய இறக்குவாங்க. கயிறச் செவுத்துக் கட்டையில ஒரு சுத்துச் சுத்திக் கையில புடிச்சுக்கிட்டு, தண்ணி இறங்க இறங்க விட்டுக் குடுக்கணும். கட்டவே கூடாது. முந்தின கதவுல எல்லாம் மக பக்கத்துல நின்னு "விடுங்கப்பா, விடுங்கப்பா"ன்னுக்கிட்டே இருந்தா. அன்னிக்கு அவளுக்குப் படகு ஆட்டத்துல காலையிலருந்து வாந்தி, கீழ படுத்திருந்தா. தபாலாபீஸ் லீவு.

இவரு கயிறக் கட்டிட்டாரு. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்துல தொரை வீட்டு மாடு மேய்ச்சவரு எங்க மாமனாரு. அப்பன் சொல்லிக் குடுத்த மாட்டு முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும்.

தண்ணி இறங்குச்சு. படகோட முன்பக்கம் மட்டும் இறங்கல, கயித்துல தொங்குச்சு. பின்னாலருந்து மாப்பிள்ளை கயிற விடச் சொன்னாரு. இவரு எருமை மேல மழை பேஞ்ச மாதிரி நின்னாரு. மாப்பிள்ளை திரும்பவும் சொன்னாரு. இவரு என்னையப் பாத்து, "அவன் என்னமோ சொல்றான், என்னன்னு கேளு"ங்கிறாரு. படகு சாயுது, என் சாம்பார் சட்டி உருண்டு கொட்டுது, இந்த மனுசனுக்கு நடுவுல ஆள் வேணுமாம்.

"காது அவிஞ்சு போச்சா? அவுத்து விடுங்க"ன்னேன்.

அவுக்கப் போனாரு. முடிச்சு கல்லா இறுகிருச்சு. அப்பத்தான் அவரு மூஞ்சி மாறுச்சு. திரும்பி நேரா மாப்பிள்ளையப் பாத்து, "நைஃப்! குவிக்லா!"ன்னாரு.

மாப்பிள்ளை ரெண்டே எட்டுல கத்தியோட வந்தாரு. அவரே அறுத்திருக்கலாம். அறுக்கல, கத்திய இவரு கையில குடுத்தாரு. இவரு அறுத்ததும் படகு தொப்புன்னு விழுந்துச்சு. மேல கண்ணாடி ரூம்ல இருந்த கதவுக்காரர் மைக்ல நீளமா ஏதோ திட்டினாரு. மாப்பிள்ளை கைய ஒசத்திப் பதில் சொன்னாரு.

"மேல இருக்கிறவன் என்ன கேக்குறான்?" நம்மாளுதான், இங்கிலீஷ்ல, நேரா.

"யாரு கட்டுனதுன்னு. நான்தான்னு சொன்னேன்."

இவரு அறுந்த கயித்தப் பாத்தாரு. "நல்ல முடிச்சுதான்"னாரு. "ரொம்ப நல்ல முடிச்சு"ன்னாரு மாப்பிள்ளை. ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

நான் ஏணியில தடதடன்னு இறங்கி மககிட்ட ஓடினேன். "அப்பா பேசிட்டாரும்மா. நேரா பேசிட்டாரு." அவ தலையணையில மொகத்த வச்சு அழுதா. நானும் அழுதேன். அப்புறம் அவ கண்ணத் துடைச்சுக்கிட்டு, "நீங்கம்மா?"ன்னா.

"நான் என்ன?"

"நீங்களுந்தான் இன்னும் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ரெண்டு வருசமா 'அவரு சாப்பிட்டாரான்னு கேளு'ன்னு என்கிட்டத்தானம்மா சொல்றீங்க."

சம்பால் வச்சேனே, தட்டு கழுவினேனே. தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு நான் எத்தன பேருக்குச் சொல்லியிருக்கேன். யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். நேரா ஒரு சொல்லு கூட இல்ல. எனக்கு வெக்கமா இருந்துச்சு.

மேல ஏறிப் போனேன். மாப்பிள்ளை முட்டி போட்டு என் சாம்பாரத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு. என் ஓட்ட இங்கிலீஷ்ல, "நீங்க என்னைய என்னன்னு கூப்பிடுவீங்க?"ன்னு கேட்டேன். வேற எதுவும் தோணல.

அவரு துணியக் கீழ வச்சிட்டு எழுந்து நின்னாரு. "தெரியல. கல்யாணம் ஆன அன்னிக்கே உங்க மககிட்டக் கேட்டேன். அத அம்மாதான் சொல்லணும், அவங்க சொல்ற வரைக்கும் இருங்கன்னா"ன்னாரு.

"அத்தைன்னு கூப்பிடுங்க"ன்னு அவரு மொகத்தப் பாத்து நானே சொன்னேன்.