சவிரியின் கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிக் கதைகளை யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன். நான்கு சவக்காலைகளைச் சங்கிலி பிடித்து அளந்திருக்கிறேன், அதில் ஒன்றில் மத்தியானச் சோற்றுப் பார்சலை ஒரு கல்லறைக்கு மேலேயே விரித்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன், ஒருவரும் எழும்பி வந்து என்ன ஏது என்று கேட்கவில்லை. வயது எழுபத்தாறு. கண்ணில் ஒரு சத்திரசிகிச்சை, முழங்காலில் நோ, காதில் ஒரு குறையும் இல்லை. காதைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், முழுவதையும் கேட்டபிறகு நீங்கள் முதலில் சொல்லப்போவது அதைத்தான்.

விசயம் ஒரு வீட்டைப் பற்றியது. வீடு என்றால் முழு வீடு இல்லை, அதில் ஒரு கிழமை, ஒரே ஒரு வாரம்.

என் மனைவி திரேசாவின் பெற்றோருடைய வீடு தலைமன்னார் கரையில் இருந்தது. சண்டையில் சுவர் மட்டும் மிஞ்சியது. சண்டை முடிந்த பிறகு பிள்ளைகள் சேர்ந்து திருப்பிக் கட்டினார்கள். பிள்ளைகள் நாலு பேர். மூத்தவர் கனடாவில், அடுத்தது திரேசா, அதற்கடுத்த தங்கச்சி ஜேர்மனியில், கடைசி சவிரிமுத்து. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு லீவு ஆவணியில்தான் என்பதால் ஆவணியையே பங்கு போட்டோம். நாலு பங்கு, நாலு கிழமை, மிச்சம் வருகிற மூன்று நாள் கூட்டித் துடைக்க. முதல் கிழமை கனடா, இரண்டாவது ஜேர்மனி, மூன்றாவது நாங்கள், நாலாவது சவிரியின் கிழமை.

சவிரி அந்தக் கிழமைக்கு ஒருநாளும் வரவில்லை. தொண்ணூறாம் ஆண்டு இந்தியாவுக்கு வள்ளம் ஏறியவன். ஏறினது பதினாலு பேர். வள்ளக்காரன் இரவில் மணல்திட்டியில் இறக்கிவிட்டு வந்துவிட்டான். மண்டபம் அகதி முகாமில் பெயர் பதிந்தது பதின்மூன்று பேர். அந்தப் பதின்மூன்று பேரில் ஒன்பது பேரை நானே தேடிப் போய்க் கேட்டிருக்கிறேன், எல்லோரும் ஒரே கதைதான் சொன்னார்கள், இறங்கும்போது இருந்தான், விடியும்போது இல்லை என்று. அப்போது அவனுக்கு இருபத்தொன்பது.

வீடு கட்டி முடிந்த நாளிலிருந்து அந்த நாலாவது கிழமையில் ஒருவரும் அங்கே தங்குவதில்லை. கதவைப் பூட்டி, பாய் ஒன்றை உதறி வைத்துவிட்டு வருவாள் திரேசா. எனக்கு அது விசராகத்தான் பட்டது. ஆனால் ஐம்பது வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று தெரியும்தானே.

போன வருடம் யோகன் வந்தான். முகாமில் பிறந்து வளர்ந்து திரும்பி வந்தவன், தலைமன்னாரில் தங்குமிடம் நடத்துகிறான். சோழகக் காற்றுக்கு வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக்கொண்டு கடலில் ஓட வருகிறார்களே, அவர்களுக்கு எங்கள் வீட்டை வாடகைக்கு எடுக்க விருப்பம். கனடாவும் ஜேர்மனியும் தொலைபேசியில் ஓம் என்றுவிட்டார்கள். எனக்கும் விருப்பம்தான். உப்புக் காற்றில் யன்னல் கம்பிகள் கரைந்து போகின்றன, பதினாறு கம்பியில் ஐந்து இல்லை, ஆள் இருந்தால்தான் வீடு நிற்கும்.

"மூணு வாரம் குடுத்துட்டு நாலாவது வாரம் வெளிய போன்னா வெள்ளைக்காரன் சிரிப்பான் சார்," என்றான் யோகன், பேசாலையில் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு. "ஆவணி முழுசா வேணும்."

"அவன் வந்தால் எங்க நிக்கிறது?" என்றாள் திரேசா, தேத்தண்ணியை வைத்தபடி.

"முப்பத்துநாலு வருசம் பிந்தி வாறவர் ஒரு வாரம் என் இடத்துல தங்கட்டும் அம்மா. காசு வேண்டாம்."

"உன்ட இடத்தில மூட்டைப்பூச்சி எண்டு சனம் கதைக்குது."

யோகன் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் அவளிடம் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன், திரேசா, அவன் வரமாட்டான், அது ஒரு கிழமை, வேறொன்றும் இல்லை என்று. அவள் கோபிக்கவில்லை. "இஞ்சேருங்கோ, நீங்கள் ஒருக்கால் அந்தக் கிழமையில போய் நில்லுங்கோ. ஆறு மணிக்கு மாதாவுக்கு முன்னால செபமாலை சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வந்து, அது வெறும் கிழமை எண்டு என்ட முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்."

இதைவிடச் சுலபமான பந்தயம் யாருக்குக் கிடைக்கும்?

நாலாவது கிழமையின் இரண்டாம் நாள் பின்னேரம் பஸ்ஸில் போய் இறங்கினேன். படலையிலிருந்து வாசலுக்கு நாற்பத்தாறு அடி வைத்தேன். மணலில் கழுதைகளின் குளம்படி மட்டும்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மகளிடம் போயிருந்தார்கள், அடுத்த மீன் வாடி நூற்றி நாற்பது அடிக்கு அப்பால், அதுவும் பூட்டு. யன்னல் ஏழையும் சாத்தினேன், சோழகம் அப்படி மணலை அள்ளிக்கொண்டு வந்தது. கதவுகள் மூன்றையும் உள்ளே கொண்டி போட்டேன். மெழுகுதிரி கொளுத்தி, மாதா சுரூபத்துக்கு முன்னால் பாயைப் போட்டு இருந்தபோது ஆறு மணி, வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். பேய்க் கதைக்குரிய இருட்டெல்லாம் இல்லை, அதை முதலே சொல்லிவைக்கிறேன்.

செபமாலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அருள் நிறைந்த மரியே என்று ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் புனித மரியே என்று பின்பாதியைச் சொல்வார்கள். அப்படிப் பத்து, அந்தப் பத்து ஐந்து தரம். திரேசா வீட்டில் முதல் பத்தைத் தகப்பன் சொல்லுவார், பிறகு நாலு பிள்ளைகளும் வயதுப்படி ஆளுக்கொரு பத்து. ஐந்தாவது பத்து சவிரிக்கு. நான் மருமகன், எனக்குச் சொந்தப் பத்து இல்லை, பின்பாதி மட்டும்தான். ஐம்பது வருடமாகப் பின்பாதி சொல்லிச் சொல்லி என் வாய்க்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

தனியே இருந்ததால் இரண்டு பாதியையும் நானே சொன்னேன். நாலு பத்து முடிந்தது. கால் விறைத்துப்போய், இன்னும் பத்துத்தானே என்று காலை மாற்றிப் போட்டுக்கொண்டு பெரிய மணியைப் பிடித்தேன்.

நம்பினால் நம்புங்கள். நான் பின்பாதி சொல்லிக்கொண்டிருந்தேன். புனித மரியே, இறைவனின் தாயே என்று. ஒன்று சொன்னேன், இரண்டு சொன்னேன், மணியை நகர்த்தினேன், மூன்று சொன்னேன். நாலாவது மணியில்தான் என் புத்திக்குப் பட்டது, முன்பாதியை நான் சொல்லவில்லை என்று.

நிறுத்தியிருக்க வேண்டும், எழும்பியிருக்க வேண்டும், எல்லாம் சரி. ஆனால் முன்பாதி முடிந்தவுடன் வாய் தானாகவே பின்பாதியைச் சொல்லிவிடுகிறது, நான் என்ன செய்ய? சத்தம் எந்தப் பக்கத்தால் வந்தது என்றால், எனக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, வலது கைப்பக்கம், பக்கத்தில் ஒருவர் முழந்தாளில் இருந்தால் எவ்வளவு உயரத்தில் வருமோ அந்த உயரத்தில். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மெழுகுதிரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து, ஆறு, ஏழு. எண்ணுவதை மட்டும் விடவில்லை. பத்தாவது மணியில் பின்பாதியைச் சொல்லி ஆமென் என்றேன். அதோடு நின்றுவிட்டது.

பிறகு எழும்பி எல்லாவற்றையும் பார்த்தேன். ஏழு யன்னலும் சாத்தினபடி, மூன்று கொண்டியும் போட்டபடி. கைத்தொலைபேசி அணைத்தபடி சட்டைப்பையில். வீட்டில் வானொலி கிடையாது. வெளியே போய் மணலைப் பார்த்தேன், என் அடி கூட இல்லை, காற்று அழித்துவிட்டது, ஆகவே வேறொருவருடைய அடியையும் அழித்திருக்கலாம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அடியை அழிக்கிற காற்றுக்குக் கொண்டியைப் போடத் தெரியாது. அன்று இரவு நான் அங்கே நிற்கவில்லை. தெருவுக்கு வந்து கிடைத்த ஆட்டோவில் பேசாலைக்குப் போய்விட்டேன். செய்து முடித்த காரியத்துக்கு ஆறு நாள் எதற்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

திரேசா என் முகத்தைப் பார்த்தாள். வெறும் கிழமை என்று சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இளந்தாரிக் குரலோ, வயசுபோன குரலோ?"

"வயசுபோன குரல்."

"வடிவாச் சொல்லுங்கோ."

"வயசுபோன குரல்தான் திரேசா."

அவள் கதிரையில் இருந்தாள். கொஞ்ச நேரம் சீலைத் தலைப்பை மடித்து மடித்து விரித்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அப்படி ஒரு முகத்தை நான் முப்பத்துநாலு வருடமாகக் காணவில்லை. "செத்திருந்தால் போன வயசுக் குரலிலதானே வந்திருப்பான். அப்ப அவன் எங்கயோ இருக்கிறான், கிழவனாப் போனான். இருக்கிறவனுக்கு நிக்க ஒரு இடமும் இருக்கும். யோகனிட்டக் குடுங்கோ."

எத்தனை வருடம் அசையாத மனுசி ஒரு நிமிடத்தில் சம்மதித்துவிட்டாள். எனக்கு வேண்டியதும் அதுதானே? ஆனால் நான் இன்னும் யோகனிடம் போகவில்லை. முகட்டு மரம் உளுத்துவிட்டது, திருத்திப்போட்டுத் தாறன் என்று சாட்டுச் சொல்லி வைத்திருக்கிறேன். முகட்டு மரத்துக்கு ஒன்றுமில்லை.

ஏனென்றால் திரேசாவிடம் நான் பாதியைத்தான் சொன்னேன். சவிரி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். இருந்தால் இந்த வருடம் அறுபத்து நாலு. நான் கேட்டது அறுபத்து நாலு வயதுக் குரல் இல்லை. என் வயதுக் குரலும் இல்லை. பல் ஒன்றும் இல்லாத, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சைத் தேடுகிற, தொண்ணூறையும் தாண்டிய குரல். அந்தக் குடும்பத்தில் தொண்ணூறு கண்டவர் ஒருவரும் இல்லை, அவர்களுடைய தகப்பன் அறுபத்தாறு வயதில் போய்விட்டார். இறந்தவன் என்றால் இருபத்தொன்பது, இருப்பவன் என்றால் அறுபத்து நாலு. இரண்டில் எதை வைத்துப் பார்த்தாலும் கணக்கு வரவில்லை. வருகிற மாதிரி ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை, அல்லது தெரிய விருப்பமில்லை.

இப்போது அவள் புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறாள். வீட்டைக் கொடுக்க முதல் நாலாவது கிழமைக்கு ஒருக்கால் தானும் வாறாளாம், தம்பியின் பத்தைத் தானும் கேட்க வேண்டுமாம். அதற்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. சாறியும் செபப் புத்தகமும் வைத்துப் பையைக் கட்டி அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். முழங்கால், வெயில், பஸ் என்று நான் சொன்ன மூன்று சாட்டும் எடுபடவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கன்னியாஸ்திரிகளுடைய முதியோர் இல்லத்துக்குப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களோடு செபம் சொல்லுகிறவள் அவள். தொண்ணூறு வயதுக் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.