முப்பத்தெட்டு நாய்களுக்கு ஒரு மொய் விருந்து

மொக்கையனுக்கு அலுப்பு உடம்பிலேயே குடியிருந்தது. மதுரையில் விளாங்குடிக்கும் சிம்மக்கல்லுக்குமாக நாள் முழுக்க ஷேர் ஆட்டோ ஓட்டி இடுப்பு விட்டுப்போகும். அது வேறு கணக்கு, வெந்நீர் ஊற்றினால் சரியாகிவிடும். இது ஓமானில் ஒரு கல்குவாரியில் பதினோரு வருஷம் வாட்ச்மேனாக இருந்தபோது பிடித்த அலுப்பு. ஊர் திரும்பி இரண்டு வருஷம் ஆகியும் இறங்கவில்லை.

அந்தக் குவாரியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். வேலையாட்கள் காலையில் வேனில் வந்து கல் உடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் மெஷின்களுக்குக் காவலாகத் தகரக் கொட்டகையில் மொக்கையன் மட்டும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மரம் கிடையாது, மனுஷன் கிடையாது. தண்ணீர் லாரி சிந்திவிட்டுப் போன ஈரத்தை நக்க முதலில் ஒரு நாய் வந்தது. அப்புறம் நாலு. அவர் கிளம்பும்போது முப்பத்தெட்டு.

சிவலை, மொட்டவாலு, சங்கிலி, மிலிட்டரி, கணக்கப்பிள்ளை என்று ஒன்றுவிடாமல் பேர் வைத்திருந்தார். பதினோரு வருஷமும் மனசில் இருந்ததை அவர் வாய்விட்டுப் பேசியது அவற்றிடம்தான். "இங்கிட்டு வா", "தின்னு", "சும்மா கிட" எல்லாம் அந்த நாய்களுக்கு அத்துபடி. அரபியில் கூப்பிட்டால் காதைக்கூட அசைக்காது. வீட்டுக்குப் போன் போட்டுப் பேசியதைப் பேச்சில் சேர்க்க முடியாது. நல்லா இருக்கேன், வயிறு நிறையச் சாப்பிட்டேன், வெயில் அம்புட்டு இல்லை. இந்த மூன்று பொய்களையே பதினோரு வருஷமும் மாற்றி மாற்றிச் சொன்னார், பாவம்.

போன சித்திரையில் ஷைனி சிஸ்டரிடமிருந்து போன் வந்தது. குவாரிக்குப் பக்கத்து டவுனில் நர்ஸாக இருக்கும் கோட்டயத்துப் பெண். லீவு நாளில் நாய்களுக்குச் சோறு கொண்டுவருகிறவள். குவாரியை மூடப்போகிறார்களாம்.

"அண்ணா, தண்ணி லாரி நின்னா இதுங்க முப்பத்தெட்டும் நாலு நாள்கூடத் தாங்காது. ஒரு பேரீச்சந் தோட்டக்காரர் ஓரமா இடம் தர்றார். வேலி போடணும், நிழல் வேணும், தொட்டி கட்டணும். என் கையில இருந்ததைப் போட்டுட்டேன். இன்னும் ரெண்டு லட்சம் வேணும். ஒரு மாசந்தான் டைம்."

மொக்கையன் யோசிக்காமல் சரி என்றுவிட்டார். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

சிம்மக்கல்லில் தெரிந்த கடைகளிலெல்லாம் ஏறி இறங்கினார். வெங்காய மண்டிக்காரர் சிரித்த சிரிப்பில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். "ஏண்ணே, நம்ம தெரு நாய் என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்குப் பாஸ்போர்ட் இல்லேங்கிறதா?" இரண்டு வாரம் அலைந்து நானூற்று முப்பது ரூபாய் தேறியது.

அப்போதுதான் அவருக்கு மொய் ஞாபகம் வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதினால், நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வந்தே தீரும். மொக்கையன் இருபது வருஷமாக எழுதியவர். ஓமானில் இருந்தபோதுகூட மச்சினன் ஜெயபாண்டி மூலம் எழுதிக்கொண்டே இருந்தார். திருப்பி வாங்க இதுவரை ஒரு விருந்துகூட வைத்ததில்லை. அத்தனையும் ஊருக்குள் நிற்கிறது. மகள் தமிழ்ச்செல்வி கல்யாணத்துக்கென்று மனைவி பாண்டியம்மாள் அதை நம்பித்தான் இருந்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் வீடு ரெண்டுபட்டது.

"பெத்த மக கல்யாணத்துக்கு வரவேண்டிய மொய்யை, கடல் தாண்டி நாய்க்கு அனுப்பப் போறீகளா? அந்தப் புள்ளைய விட நாய் ஒசத்தியாப் போச்சோ?"

அவள் கேட்டதில் தப்பு இல்லை. அன்றிலிருந்து அவள் பேச்சை நிறுத்தினாள். சோற்றுத் தட்டு மட்டும் 'ணங்'கென்று வந்து உட்காரும்.

ஜெயபாண்டி விவரமான ஆள். "மச்சான், புதுமனை புகுவிழான்னு பத்திரிகை அடிங்க. கக்கூஸ் கட்டுனவன்கூட அப்படித்தான் அடிக்கிறான். நாய்னு மட்டும் போட்டுறாதீங்க."

"பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு மாப்ள. உள்ளதையே போடுவோம்."

அச்சகக்காரர் முஜிபுர் ரஹ்மான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டு தடவை கேட்டார். "அண்ணே, நாய்களுக்குக் கொட்டகை கட்டன்னே போடவா? அச்சாயிட்டா அழிக்க முடியாது, பாத்துக்கங்க."

"போடுங்க பாய்."

பாய் தலையை ஆட்டிக்கொண்டே அடித்தார். கூலி வாங்கவில்லை. காகிதத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

உசிலம்பட்டி மண்டபத்தில் கறி விருந்து. முந்நூறு பேருக்குச் சமைத்தால் நானூறுக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள், நாய்க்கு மொய் வாங்குகிற அதிசயத்தைப் பார்க்க. பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட வாசனை பிடித்து உள்ளே வந்துவிட்டார்கள். ஜெயபாண்டி பல்லைக் கடித்தான். "வந்தவகளை உக்காரச் சொல்லு" என்றார் மொக்கையன். அரிசி மறுபடி உலையில் விழுந்தது. பாண்டியம்மாளும் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பரிமாறினாள்.

மொய் எழுதுகிற மேஜையில்தான் குடி கெட்டது. ஐயாயிரம் திருப்ப வேண்டிய பெரிய வீட்டுக்காரர் நூறு ரூபாய்த் தாளை நீட்டி, "இது தர்மக் காசு. உன் மொய் அப்படியே நிக்குதப்பா, மக கல்யாணத்துல வாங்கிக்க" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற வரிசை அந்த வசதியான வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நூறு, ஐம்பது, இருபது. மைக்கில் பேரும் தொகையும் வாசித்துக்கொண்டிருந்த ஜெயபாண்டி ஒரு கட்டத்தில் தொகையை விட்டுவிட்டுப் பேரை மட்டும் வாசித்தான். சிலர்தான் முறையாகத் திருப்பினார்கள். மக கல்யாணத்து மொய் தப்பித்ததில் பாண்டியம்மாள் முகம் தெளிந்துவிட்டது. மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. மொக்கையன் உள்ளதைச் சொல்லியே ஏமாந்தார். பொய் சொல்லியிருந்தால் ரெண்டு லட்சமும் வந்திருக்கும்.

கறிக்கும் மண்டபத்துக்கும் போக, கேட்டதில் பாதிதான் மிஞ்சியது. அனுப்பினார். ஷைனி குறை சொல்லவில்லை.

"இதுக்கு இருபது நாய்க்கு வேலி போடலாம் அண்ணா. சோறு போட்டா தின்னுதுங்க, நான் கூப்பிட்டா மட்டும் ஒண்ணும் பின்னாடி வர்றதில்லை. எந்த இருபதுன்னு நீங்களே முடிவு பண்ணி, பேர் சொல்லிக் கூப்பிட்டு வாய்ஸ் அனுப்புங்க. வண்டியில ஸ்பீக்கர் வச்சுப் போடுறேன். நாளைக்கு லாரி கடைசி."

காலையில் ஆட்டோவை வீட்டு வாசலில் நிறுத்தியபடியே, பின்சீட்டில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மொக்கையன். சிவலை என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். மொட்டவாலுக்குக் கண் தெரியாது, அதைக் கூப்பிட வேண்டும். கணக்கப்பிள்ளை கிழடு, அதை விட்டுவிடலாமா? இத்தனை வருஷம் காலடியில் கிடந்ததை எப்படி விடுவது? இருபதை வாய்விட்டு எண்ணுவதும் அழிப்பதுமாக வெயில் ஏறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

பாண்டியம்மாள் காபியோடு வந்து நின்றாள். கொஞ்ச நேரமாக வாசலுக்குள் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அன்னைக்குப் பந்தியில உக்காந்தவகளை, நீ முந்நூறுக்கு மேல, எந்திரின்னு சொன்னீகளா?"

மொக்கையன் நிமிர்ந்து பார்த்தார். ரெண்டு வாரத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"எல்லாத்தையும் கூப்பிடுங்க. வந்து நின்னதை அந்தப் புள்ள வெரட்டவா போகுது?"

முப்பத்தெட்டுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டார். நாலு நிமிஷம் ஆயிற்று. அனுப்பிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போனார்.

மறுநாள் மத்தியானம் ஷைனியிடமிருந்து வீடியோ வந்தது. "இருபதுதானே சொன்னேன் அண்ணா! முப்பத்தொண்ணு வந்து நிக்குது. சரி, போகட்டும், நெருக்கி வச்சுக்கறேன். மீதி ஏழு நாயைக் காணோம்."

வேலிக்குள் முண்டியடித்துக்கொண்டு நின்ற நாய்களை மொக்கையன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மொட்டவாலு இருந்தது. கணக்கப்பிள்ளை தொட்டி ஓரத்தில் படுத்திருந்தது. இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் போட்டுப் பார்த்தார். சிவலை இல்லை. முதன்முதலில் வந்த நாய் அது.

"வராதது எவன் எவன்?" என்றாள் பாண்டியம்மாள்.

சொன்னார்.

"விசேஷத்துக்கு வராதவகளை ஒரு தடவை கூப்பிட்டதோட விட்டுருவமா? இன்னொருக்கா கூப்பிடுங்க."

மொக்கையன் போனை வாயருகே வைத்தார். ஆறு பேர் வரை வந்தது, ஏழாவதில் போனைக் கீழே இறக்கிவிட்டார். பாண்டியம்மாள் போனை வாங்கினாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவுக்கு, "டேய் சிவலை, எங்கிட்டுடா கிடக்க? சோறு இருக்கு, வாடா" என்றாள்.

சிவலைக்கு அவள் குரல் தெரியாது. இருந்தாலும் தமிழ்தானே என்று மொக்கையன் அதையும் சேர்த்தே அனுப்பினார்.