உள்தட்டுகளைத் தேய்த்தது யார்

காரை விற்றபோது அதன் டிஃபரென்ஷியலை மட்டும் நான் விற்கவில்லை. வாங்கியவர் அது வேண்டாம் என்றார். குடும்பத்தோடு குருவாயூர் போய்வர இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். காரோடு வந்த சாதாரண டிஃபரென்ஷியலையே திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு, கழற்றியதைச் சாக்கில் சுற்றிக் கரமனை வீட்டின் கொல்லையில் போட்டு வைத்தேன்.

என் காரில் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த கனத்த இரும்புச் சாமான் அது. எல்லாக் காரிலும் ஒன்று உண்டு, ஆனால் இது வேறு ரகம். பொன்முடிப் பாதையின் கொண்டையூசி வளைவில் வேகமாகத் திரும்பினால் ஒரு சக்கரம் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றும். அப்போது இந்தச் சாமானுக்குள் அடுக்கியிருக்கும் எஃகுத் தட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு சக்கரத்துக்கும் வலுவைத் தள்ளிவிடும். கார் வழுக்காமல் ஏறும். ஞாயிற்றுக்கிழமைகளில் வித்துரா வழியாக மலையேறி இறங்குவதற்காக, சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த காலத்தில், வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் போட்டது.

பிறகு கழக்கூட்டம் என்கிற ஊரில் நான் பார்த்துவந்த ஆபீஸ் வேலை போயிற்று. அதை என் மனைவியிடம் நான் சொல்லவில்லை. இரண்டு மாதம், தினமும் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன், சாயங்காலம் களைத்த முகத்தோடு திரும்பினேன். ஆபீஸில் என்ன விசேஷம் என்று கேட்டால் விசேஷங்கள்கூடச் சொன்னேன். கடைசியில் கோவிலில் யாரோ ஒரு மாமி, "ஆத்துக்காரருக்கு வேற வேலை ஏதாவது ஆச்சோ?" என்று அவளிடம் கேட்டுவிட்டாள்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்தது, ஒத்திகையே பார்த்து வைத்திருந்தேன். பேச்சுதான் சுருங்கிவிட்டது. காப்பி ஆச்சு, பால் வரலை, கரண்ட் பில் வந்திருக்கு. அரசாங்க ஆபீஸுக்குப் போவாள், வருவாள். பதினாறு வருஷம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் ஆறு மாதமாக இப்படி. கோபமா, வருத்தமா, இல்லை என்னை விட்டே விட்டாளா என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பேச்சு திரும்பி வந்தால் போதும், வேலைகூட மெதுவாகக் கிடைக்கட்டும் என்று ஆகிவிட்டது எனக்கு.

ஒரு சனிக்கிழமை காலை, சாமானையாவது விற்கலாமே என்று துணி தோய்க்கிற கல்லில் அதை வைத்து மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து பின்னால் நின்றாள்.

"இது என்ன சாதனம்?"

ஆறு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அரை மணி நேரம் விளக்கினேன். வளைவு, சக்கரம், தட்டு, எல்லாம். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள்.

அவள் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம். வீட்டைவிட்டு எந்தப் பாத்திரம் வெளியே போனாலும், இரவல் கொடுப்பதானாலும் பழையதாகப் போடுவதானாலும், தேய்த்துப் பளபளவென்று ஆக்கித்தான் கொடுப்பார்கள். அழுக்கோடு கொடுப்பது கொடுக்கிறவருக்கு அவமானம். இரும்புக்கும் இது பொருந்துமா என்று நான் யோசிக்கவில்லை. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபீஸில் யார் யாரோடு பேசுவதில்லை என்ற கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அதையெல்லாம் யார் யோசிப்பார்கள்?

மூன்று வாரம் தேய்த்தோம். வெளிக்கூடு வெள்ளி மாதிரி ஆயிற்று. படம் எடுத்து இணையத்தில் போட்டேன். வித்துராவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மலைப்பாதைப் பந்தயங்களில் கார் ஓட்டுகிறவர், அடுத்த ஞாயிறு வந்து பார்க்கிறேன் என்றார். உள்தட்டுகளையும் கழற்றி எண்ணெய் துடைத்து வரிசை மாறாமல் பேப்பரில் பரப்பி வைத்துவிட்டு, ஓர் இன்டர்வியூவுக்காகக் கொச்சிக்குப் போனேன்.

வியாழக்கிழமை திரும்பி வந்தால், தட்டுகள் அத்தனையும் முகம் பார்க்கிற மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தன. இரண்டு நாள் லீவு போட்டு, முதலில் எமரித் தாள், பிறகு குத்துவிளக்கு தேய்க்கிற பவுடர் என்று அவள் ஒவ்வொன்றாகத் தேய்த்திருந்தாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு. வரிசைகூட மாறவில்லை.

"வெளியில பளபளன்னு இருந்துட்டு உள்ளே அழுக்கா இருந்தா அது ஏமாத்தறதுதானே? அதான் உள்ளேயும் தேச்சுட்டேன். கொள்ளாமா?"

நன்றாகவே இருக்கிறது என்றேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் அடுக்கி மூடினேன். ஆக்ஸில் என்கிற அச்சுத்தண்டின் துண்டு ஒன்றைச் செருகித் திருப்பிப் பார்த்தேன். முன்பு இரண்டு கையாலும் தம் பிடித்தால்கூட அசையாதது, இப்போது ஒற்றைக் கையில் குழாய்த் திருகு மாதிரி சுழன்றது. அடடா, அழுக்குப் போனதும் எவ்வளவு லேசாகிவிட்டது என்று அவளையும் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டினேன். படித்த முட்டாள் என்றால் அது நான்தான்.

இவ்வளவு லேசாகச் சுற்றலாமா என்ற சந்தேகம் மறுநாள் குளிக்கும்போதுதான் வந்தது. இதை எனக்கு மாட்டிக் கொடுத்த பழைய வர்க்‌ஷாப்காரரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஐயோ சேட்டா, அது சொரசொரன்னு இருந்தாதானே பிடிக்கும்? பிரேக்ல எண்ணெய் தடவின மாதிரியல்லே ஆச்சு. இனி ஒந்நும் செய்யான் பற்றில்லா, தேச்சது தேச்சதுதான். புது பிளேட் போடணும்."

ஃபோனை வைத்துவிட்டு நின்றேன். அவள் உள்ளே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அந்த முணுமுணுப்பு நின்றுவிடும். சொல்லாமல் விற்றால், அந்த மனிதர் இதை நம்பி மலை வளைவில் காரைத் திருப்புவார். அவரே கண்டுபிடித்துவிட்டால் நான் ஏமாற்றியதாக ஆகாது என்று சமாதானம் செய்துகொண்டேன். கண்டுபிடிக்காவிட்டால்? அந்த இடத்துக்கு வந்ததும் யோசனையை முதலிலிருந்து தொடங்கினேன். வெள்ளி போயிற்று, சனியும் போயிற்று.

ஞாயிறு காலை அவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், நிதானமான ஆள். வெளிப்பளபளப்பைப் பார்த்துச் சிரித்தார், பாராட்டவில்லை. அந்த அச்சுத்தண்டுத் துண்டைச் செருகித் திருப்பினார். சிரிப்பு போய்விட்டது. தன் பையிலிருந்து ஸ்பானர் எடுத்து அவரே கூட்டைத் திறந்தார். ஒரு தட்டை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார்.

"மினுசம் கூடிப்போயல்லோ," என்றார், வழவழப்பு அதிகமாகிவிட்டதே என்று. "ஆரா இது தேச்சது?"

என் மனைவி காப்பித் தம்ளரோடு கொல்லைக் கதவில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"ஞானா," என்றேன், நான்தான் என்று அவருடைய மலையாளத்திலேயே.

அவர் என்னைப் பார்த்தார். அவளுடைய கறுத்த விரல்களையும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். தட்டுகள் தேய்த்துப் பாழாகிவிட்டன, புதுசு போட்டால் சொல்லுங்கள், அப்போது வாங்குகிறேன் என்று சொன்னார். காப்பியைக் குடித்துவிட்டு, தன் ஸ்பானரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவள் தம்ளரைக் கல்லில் வைத்தாள்.

"யார் தேச்சதுன்னு அவர் கேட்டார். நீங்க ஏன் நான்னு சொன்னேள்?"

"உனக்கு ஒரு மாதிரி ஆயிடுமேன்னு."

"ஆகட்டுமே. தப்புப் பண்ணினது நான். அதுகூட எனக்குத் தெரியப்படாதா?"

அவள் ஒரு தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாழாப் போச்சுன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

இப்பத்தான் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "வெள்ளிக்கிழமை," என்றேன்.

"அப்போ ரெண்டு மாசம். இப்போ ரெண்டு நாள்," என்றாள். "கொறஞ்சிருக்கு."

கேலியா, கோபமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. சிரிக்கலாமா என்றுகூடத் தோன்றியது, நல்லவேளை சிரிக்கவில்லை.

"அவர் தொறந்து பாக்காம, இதையே கேட்டிருந்தா? குடுத்திருப்பேளா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. இரண்டு நாளாக அந்தக் கேள்வியைத்தானே சுற்றிச் சுற்றி வந்தேன்.

"தெரியலை," என்றேன். "சத்தியமா எனக்குத் தெரியலை. என்ன பண்றதுன்னே தெரியலை."

அவள் கல்லில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"வேலை போன அன்னிக்கு இந்தத் தெரியலையை எங்கிட்ட வந்து சொல்லியிருக்கப்படாதா? ரெண்டு பேருமாத் தெரியாம இருந்திருக்கலாமே."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.