வெள்ளிக்கிழமை மலையேறின அம்மா

போன ஆவணி லீவுக்கு மானிப்பாயிலை இருந்து நுவரெலியாவுக்குக் காரிலை போனனாங்கள். எங்கடை அம்மாவுக்குக் குளிர் பாக்க ஆசை. காலம் முழுக்க வெயிலுக்குள்ளை கிடந்த மனுசி, "கதைக்கேக்கை வாயிலை புகை வருமாமே, அதை ஒருக்காப் பாக்கவேணும்" எண்டு கனகாலமாச் சொல்லிக்கொண்டிருந்தவ. தம்பி கார் ஓட்ட, அம்மா முன்னுக்கு, நான் பின்னுக்கு. நாள் பாத்தது நான் தான். அது வெள்ளிக்கிழமையாப் போச்சு.

அம்மாவின்ரை வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். அண்டைக்கு மச்ச மாமிசம் தின்னாதது பெரிய விசயமில்லை, எங்கடை பக்கத்திலை கனபேர் அப்பிடித்தான். அம்மா அதுக்கும் மேலை. மீனோ இறைச்சியோ காய்ச்சின சட்டியிலை வைச்ச சோறும் வாயிலை வைக்கமாட்டா. முட்டை சேந்திருக்கும் எண்டு பிஸ்கற்றும் தொடமாட்டா. வெள்ளிக்கெண்டு வீட்டிலை தனிச் சட்டி, தனி அகப்பை. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளிலை இருந்து இதுதான் சட்டம். "உது விரதமோ, வருத்தமோ? எப்ப விடப்போறியள்?" எண்டு நான் எத்தினை தரம் சண்டை பிடிச்சிருப்பன். அம்மா தன்ரை பாட்டிலை சட்டியைக் கழுவிக்கொண்டிருப்பா.

விடியக் கட்டிக்கொண்டு போன புட்டை முறிகண்டியிலை, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுப்போட்டுச் சாப்பிட்டம். மத்தியானச் சாப்பாடு கண்டியிலை ஒரு சைவக்கடையிலை எண்டு ஏற்பாடு. கண்டி ரவுணைக் கண்ட உடனை அம்மா நீரிழிவுக்குப் போடுற சீனி வருத்தக் குளிசையை எடுத்துப் போட்டிட்டா. சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முதல் போடவேண்டிய குளிசை. ஆனா கடைப் பக்கம் காரை நிப்பாட்ட இடமே இல்லை. "மேலை போற வழியிலை பாப்பம் அக்கா" எண்டான் தம்பி. நானும் ஓமெண்டன். அம்மா குளிசை போட்டதை நாங்கள் ரெண்டுபேரும் கவனிக்கேல்லை.

மேலை போனால் மண்சரிவு. றோட்டை மறிச்சு மண் அள்ளிக்கொண்டு நிக்கிறாங்கள். முன்னுக்கும் வாகனம், பின்னுக்கும் வாகனம், திரும்பவும் ஏலாது. பனிப்புகார் வந்து கண்ணாடியை மூட, அம்மா சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்து திறந்து புகை விட்டுச் சிரிச்சா. கொஞ்சத்தாலை சிரிப்பு நிண்டுபோச்சு. பாத்தால், அந்தக் குளிருக்குள்ளை நெத்தி முழுக்க வேர்வை. கை நடுங்குது. "என்னம்மா செய்யுது?" எண்டு கேக்க, தம்பியைப் பாத்து, செத்துப்போன எங்கடை ஐயாவின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுறா. ஐயா இருந்த காலத்திலையே அம்மா வாயாலை சொல்லாத பேர் அது.

கைப்பையைத் திறந்தால் மத்தியானக் குளிசை காணேல்லை, வெறுவயித்திலை போட்டுச் சீனி இறங்கிப்போச்சு. அதுக்குள்ளை கிடந்த இனிப்பு ரொபியை வாயிலை வைச்சு, றோட்டுக்கரையிலை தெரிஞ்ச ஒரு சின்னக் கடைக்குத் தாங்கிக்கொண்டு போனம். கடை வைச்சிருந்த பெண்ணுக்கு என்ரை வயதிருக்கும், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். அம்மாவின்ரை முகத்தைக் கண்டிட்டு, கேக்காமலே சீனியை அள்ளிப் போட்டுத் தேத்தண்ணி தந்தாள். அதைக் குடிக்க அம்மாவுக்குக் கொஞ்சம் தெளிஞ்சுது. ஆனா இனிப்பு எவ்வளவு நேரம் தாங்கும்? குளிசை உள்ளை வேலை செய்துகொண்டிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. வயித்துக்குள்ளை சோறு போகவேணும். கடையிலை இருந்ததோ மீன் பணிஸ், முட்டை ரொட்டி, கோழிக்கறியும் சோறும்.

"வெறுஞ் சோறாவது தின்னுங்கோம்மா. சாமி கோவிக்காது" எண்டன்.

"கோழி காய்ச்சிற சட்டியிலை வைச்ச சோறு பிள்ளை. எனக்கு இப்ப சுகம்."

தம்பி கெஞ்சினான். நான் கத்தினன். "இஞ்சை விழுந்து கிடந்தால் உங்கடை வெள்ளிக்கிழமை வந்து தூக்குமோ?" எண்டு, நிண்ட சனம் திரும்பிப் பாக்கக் கத்தினன். எல்லாம் பயத்திலை வந்த கத்தல். அம்மாவின்ரை கை திரும்பவும் நடுங்கத் தொடங்கிட்டுது.

அந்தப் பெண் என்னை விலத்திக்கொண்டு வந்து அம்மாவுக்கு முன்னாலை குந்தினாள். கழுத்திலை சின்னச் சிலுவை ஒண்டு தொங்கிச்சுது.

"நீங்க என்னம்மா சாப்பிடுவீங்க?" எண்டு கேட்டாள்.

"மச்சம் படாத சட்டியிலை வைச்ச சோறு, தங்கச்சி."

"இருங்க" எண்டு உள்ளை போனவள் புதுச் சட்டி ஒண்டோடை வந்தாள். மகள் தனிக்குடித்தனம் போகேக்கை குடுக்க வாங்கி வைச்சதாம். ஒட்டியிருந்த லேபிளை நகத்தாலை சுரண்டி எடுத்து, கழுவி, வெளியிலை கல்லு வைச்சு அடுப்பு மூட்டி, அரிசியோடை கிழங்கும் கரட்டும் வெட்டிப் போட்டாள். அது வேகுமட்டும் அம்மாவுக்கு இன்னொரு சீனித் தேத்தண்ணி. கிண்டக் கரண்டியை எடுத்தவள், அம்மா அதை உத்துப் பாக்கிறதைக் கண்டிட்டுச் சிரிச்சுப்போட்டு, ஒரு தடியைச் சீவிக் கழுவி அதாலை கிண்டினாள். எனக்கு வெக்கம் ஒருபக்கம், அழுகை ஒருபக்கம்.

அம்மா சாப்பிட்டா. ஒவ்வொரு வாயும் உள்ளை போகப் போக எனக்கு உயிர் வந்துது. பக்கத்திலை இருந்த அந்தப் பெண் சும்மா கதை குடுத்தாள், "எவ்வளவு காலமாம்மா இந்த வெரதம்?" எண்டு. அம்மா என்னைக் காட்டினா.

"இவள் பிறக்கேக்கை அழேல்லை, தங்கச்சி. நீலமாக் கிடந்தவள். இனி இல்லையெண்டு சொல்லிப்போட்டினம். அண்டைக்கு ஒரு வெள்ளிக்கிழமை. இவள் வாய் திறந்து அழுதாளெண்டால் சாகுமட்டும் வெள்ளி பிடிக்கிறன் எண்டு நேந்தனான்." ஒரு வாய் சோத்தை விழுங்கிப்போட்டு, "அண்டைக்குத் திறந்த வாய்தான், இன்னும் மூடேல்லை" எண்டா.

தம்பி விழுந்து விழுந்து சிரிச்சான். அந்தப் பெண்ணும் சிரிச்சாள். நான் வெளியிலை போய் மலையைப் பாக்கிற மாதிரி நிண்டன்.

பின்னேரம் றோட்டுத் திறந்து, நுவரெலியா போய்ச் சேந்தம். அங்கை என்ன பாத்தம் எண்டு கேட்டால் எனக்கு வடிவா நினைவில்லை. விரதத்தை எப்ப விடப்போறியள் எண்டு வாழ்நாள் முழுக்கக் கேட்ட எனக்கு, ஏன் பிடிக்கிறியள் எண்டு ஒருக்காலும் கேக்கத் தோன்றேல்லை. அம்மாவோடை நான் சண்டை பிடிச்ச ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், சண்டை பிடிக்க நான் உயிரோடை இருந்ததுக்காக அவ பிடிச்ச வெள்ளி.