ஃபெயிலாகப் பழகிய டெல்வின்

அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் என் தம்பி டெல்வினை நீங்கள் டிவியில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்த்தது உங்களுக்கே தெரிந்திருக்காது, அவ்வளவுதான். அவன் பந்தை எறிகிறவன் இல்லை, பிடிக்கிறவனும் இல்லை. அவன் வேலை வேறு. ஆட்டம் தொடங்கும்போது எங்கள் ஆள் ஒருவன் பந்தை உதைப்பான். அந்தப் பக்கம் அதைப் பிடித்தவனுக்கு முன்னால் எருமை எருமையாக நாலு பேர் தோளோடு தோள் சேர்ந்து நிற்பார்கள். டெல்வின் பாதி மைதானத்தைத் தலைதெறிக்க ஓடிக் கடந்து அந்த நாலு பேர் மேல் போய் விழ வேண்டும். வேலி உடைந்ததும் வேறொருவன் ஹாயாக நுழைந்து பந்துக்காரனைச் சாய்ப்பான். டிவிக்காரன் அந்த ஆளின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துவான். உடனே விளம்பரம் வந்துவிடும். எங்கள் பிள்ளை அப்போதுதான் புல்லைத் துப்பிக்கொண்டு எழுந்திருப்பான்.

இந்தக் குளிர் ஊருக்கு நான் வந்து சேர்ந்ததும் அவனால்தான். சொந்த ஊர் லூசியானாவில் நிம்மதியாகத் தலை பின்னிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். டீமில் சேர்ந்த முதல் வருஷமே அவன் போன் போட்டு அழாத குறை. "ஒராலி அக்கா, இந்த ஊர்ல மிளகாய் கூட இனிக்குது. நீ வரலேன்னா செத்துடுவேன்." சரி, போய்த் தொலைவோம் என்று வந்தேன். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பின்னல் கடை போட்டேன். ஒரு வேளை அவனுக்குச் சமைத்துப் போட்டேன், மறுவேளை அவனைத் திட்டினேன். வாழ்க்கை நன்றாகத்தான் ஓடியது.

மூளை என்றால் அவனுக்குத்தான் மூளை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தத்தில் இருக்கிற அத்தனை பிள்ளைகளின் பிறந்தநாளும் அவன் நாக்கு நுனியில் இருக்கும். டீமில் கொடுக்கிற ஆட்டத் திட்டப் புத்தகம் செங்கல் கனம். மற்றவர்கள் மாதக்கணக்கில் முட்டி மோதுவார்கள். இவன் சோபாவில் படுத்துக்கொண்டு சோளப்பொரி தின்றபடியே அதை முழுங்கிவிடுவான். உடம்பு பெரிதில்லை, வேகமும் சுமார்தான். அந்த மூளையை வைத்துத்தான் டீமில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

அப்படிப்பட்டவன் வருஷா வருஷம் ஒரு பரீட்சையில் வேண்டுமென்றே கோட்டை விட்டான்!

அது இப்படி. ஜூலையில், பயிற்சி தொடங்கும் முன், எல்லாரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார்கள். திரையில் சில வார்த்தைகள் வந்து மறையும். கொஞ்ச நேரம் கழித்து என்னென்ன வந்தது என்று கேட்கும். சிவப்பு வந்தால் உடனே பொத்தானை அமுக்கு, கோணலாக வரைந்த படத்தை ஞாபகம் வை, இப்படிப் போகும். அந்த மார்க்கைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி அதே டெஸ்ட். ஜூலை மார்க்கைவிடக் குறைந்தால் வெளியே உட்கார வேண்டும். பெரிய ஆட்டக்காரன் வெளியே உட்கார்ந்தால் ஊரே பூங்கொத்து அனுப்பும். டெல்வின் மாதிரி ஆள் உட்கார்ந்தால், அவன் நாற்காலி சூடு ஆறும் முன் இன்னொருத்தன் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பான். அதனால் பையன்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஜூலையிலேயே மட்டமாக எழுதிவிட்டால், அடிபட்ட பிறகு எப்படி எழுதினாலும் பாஸ்தானே?

ஆனால் ரொம்ப மட்டமாக எழுதினால் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்துவிடும். அதற்காக எங்கள் சமையலறையில் ஒத்திகை நடக்கும். நான் அடுப்பில் எங்கள் ஊர்க் கம்போக் குழம்பைக் கிண்டிக்கொண்டே வாயில் வந்த வார்த்தைகளை அடுக்குவேன். அவன் பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சிலதைச் சொல்லி, சிலதை விழுங்குவான்.

"ஏணி... தொப்பி... ம்ம்... மறந்துபோச்சு மேடம்."

"டேய், பாஸாகணும்னு டியூஷன் போறவனப் பாத்திருக்கேன். ஃபெயிலாக டியூஷன் படிக்கிற ஒரே ஜென்மம் நீதான்டா!"

"சும்மா இரு அக்கா. இது பெரிய கலை. தப்பு கூட இயற்கையா இருக்கணும்."

அடிபடாமலும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஒன்றோ இரண்டோ நல்ல இடி விழும். ஓரமாக அழைத்துப்போய் டெஸ்ட் வைப்பார்கள். இவன் ஜம்மென்று பாஸாகி வந்து நிற்பான். ஒரு தடவை ஜூலையைவிட அதிக மார்க்கே வாங்கிவிட்டான். வைத்தியம் பார்க்கிற பையன், "அடி விழ விழ உனக்கு புத்தி வருதுப்பா" என்றானாம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

அப்புறம் சில கூத்துகள் நடந்தன. லீவு நாளில் கிளம்பி மைதானம் வரை போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். கேட்டதையே கேட்பான். வெயில் அடித்தால் ஜன்னலை மூடு என்று எரிந்து விழுவான். அவன் எரிந்து விழுகிற ஆளே கிடையாது. "என்னடா ஆச்சு உனக்கு?" என்றால், "தலைவலி யாருக்குத்தான் இல்ல" என்று எழுந்து போய்விடுவான். ஆனாலும் பரீட்சையில் பாஸாகிறானே, டாக்டர்களுக்குத் தெரியாதா என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

எட்டாவது வருஷம் கோச் அவனைக் கூப்பிட்டு, பந்தை உதைக்கும்போது ஓடுகிற குழுவுக்கு இந்த வருஷம் நீதான் கேப்டன் என்றார். வீட்டுக்கு வந்து என்னைத் தூக்கிச் சுற்றினான். நான் ஒன்றும் பூஞ்சை உடம்பு இல்லை!

"இனிமே டிவிக்காரன் என் பேரைச் சொல்லித்தான் ஆகணும் அக்கா."

அந்த வருஷம் புதிதாக ஒரு டாக்டரம்மாவும் வந்தார், மார்க்வார்ட் என்று பெயர். டெஸ்டில் யாராவது நடிப்பது தெரிந்தால் அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். டெல்வின் அசரவில்லை.

"இந்தத் தடவை ஒழுங்கா எழுதப்போறேன். நான் யாருன்னு அந்தம்மாவும் பாக்கட்டும்."

"திடீர்னு மார்க் எகிறினா சந்தேகப்பட மாட்டாங்களாடா?"

"அக்கா நிறைய மீன் ஆக்கிப் போட்டா, அதான் மூளை வளந்துடுச்சும்பேன்."

டெஸ்ட் அன்று நன்றாகத் தூங்கி எழுந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, விசிலடித்துக்கொண்டு போனான். நான் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுக் கெளுத்தி மீன் வறுத்து வைத்தேன். வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆள் உள்ளே வரவில்லை. போய்ப் பார்த்தால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

"மகாராஜா இறங்கி வருவாரா, இல்ல வண்டிக்கே பரிமாறணுமா?"

"பாஸ் அக்கா. டாக்டரம்மா கை குடுத்தாங்க. எட்டு வருஷமா மார்க்ல துளி மாத்தம் இல்லையாம். இந்த வேலை பாக்குறவன் தலை இவ்ளோ நல்லா இருக்கிறது அதிசயம்னாங்க. ஆடலாம்னு எழுதியும் குடுத்துட்டாங்க."

"அப்புறம் என்னடா? இறங்கு, மீன் ஆறுது."

அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"நான் இந்தத் தடவை நடிக்கலக்கா."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அத்தனை வருஷம் வார்த்தைகளை விழுங்கி விழுங்கி வாங்கிய அதே மார்க்கை, இன்றைக்கு உயிரைக் கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறான்.

"வார்த்தையெல்லாம் வந்துச்சுக்கா, நல்லாப் பாத்தேன். திருப்பிக் கேட்டப்ப உள்ள தேடுறேன், ஒண்ணுமே இல்ல." குரலைத் தாழ்த்தினான். "இது யாருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும்தான். நான் வாயத் திறக்கலேன்னா இந்த வருஷம் கேப்டன்."

வந்ததே எனக்குக் கோபம்! ஆட்டத்தைத் திட்டினேன், கோச்சைத் திட்டினேன், அந்த நாலு எருமைகளையும் பெற்றவர்கள் வரை இழுத்துத் திட்டினேன். எதிர் வீட்டுக்காரர் நாயை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கடைசியில் அழுகைதான் வந்தது.

"எவன் வேணா கேப்டனா இருந்துட்டுப் போகட்டும்டா. எனக்கு உன் தலை வேணும். மிச்சம் இருக்கிறதாவது வேணும்."

அன்றைக்கு யாரும் மீனைத் தொடவில்லை.

காலையில் சாவியை என் கையில் கொடுத்து, "வண்டிய நீ எடு" என்றான். நேராக டாக்டரம்மாவிடம் விட்டேன்.

டாக்டரம்மாவின் அறையில் அவன் எதையும் ஒளிக்கவில்லை. ஒத்திகை, விழுங்கிய வார்த்தைகள், வெயில், தலைவலி, எல்லாவற்றையும் கொட்டினான். சொன்னால் ஆட்டம் அதோடு முடிந்தது என்று தெரிந்தேதான் சொன்னான். அந்தம்மா திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். திட்டவில்லை. எட்டு வருஷ மார்க்கையும் திரையில் வரிசையாக வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கு டெல்வின். இதுல எதை நான் நம்புறது?"

டெல்வின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய், கடைசி வரியில் விரலை வைத்தான்.

"மத்ததெல்லாம் நான் பாத்துப் பாத்துப் பண்ணின தப்பு டாக்டர். இதுதான் என்னால முடிஞ்சது."